கோப்பு எந்த மேசையில்? சுகாதாரக் கொள்கையை நகர்த்தும் தொழில்

இந்தியாவில் சட்டப்படியே அபின் விளைகிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர்கள் கசகசாச் செடியைப் பயிரிடுகிறார்கள். அரசே கொள்முதல் செய்து, காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள தன் ஆலைகளில் பதப்படுத்துகிறது, ஏற்றுமதியும் செய்கிறது. அதே நாட்டில், 1985-க்குப் பிறகு பல ஆண்டுகள், புற்றுநோய் முற்றி வலியில் துடித்தவர்களுக்கு அந்த அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் மாத்திரை கிடைக்கவில்லை. மார்ஃபின் மலிவான மருந்துதான். தடையாக நின்றது ஒரு சட்டம்: போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1985-இல் வந்த என்டிபிஎஸ் சட்டம். பத்தாண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

இந்தச் சட்டத்தை மாற்ற நினைப்பவர் முதலில் எங்கே போவார்? சுகாதார அமைச்சகத்துக்கு என்றுதான் எவரும் சொல்வார்கள். அங்கே போனால் தேநீர் கிடைக்கும், அனுதாபம் கிடைக்கும், சட்டம் மாறாது. அந்தச் சட்டத்தின் கோப்பு இருப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையில். அபின் சாகுபடிக்கு உரிமம் தருவதும் கடத்தலைத் தடுப்பதும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பணி. படுக்கையில் கிடக்கும் நோயாளி அவர்களுடைய எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

சுகாதாரக் கொள்கை, அரசு விவகாரம், பொதுக்கொள்கைப் பிரிவு எனப் பல பெயர்களில் ஒரு தொழில் இன்று வளர்ந்து நிற்கிறது. மருந்து நிறுவனங்கள், ஸ்டென்ட் போன்ற கருவிகள் செய்பவர்கள், மருத்துவமனைக் குழுமங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், நோயாளிகள் அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள் என எல்லோரும் இதற்கு ஆள் எடுக்கிறார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது செல்வாக்கு உள்ளவர்களின் கைகுலுக்கல் வேலையாகத் தெரிகிறது. அந்தப் பகுதியும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது என்று கண்டுபிடிப்பதிலும், கோப்பு நகரும்வரை சலிக்காமல் அங்கேயே நிற்பதிலும்தான் இந்தத் தொழிலின் சாரம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சுகாதாரம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு அந்த அமைச்சகத்துக்கு வெளியே இருக்கிறது என்று பாருங்கள். மருந்துக்கு உச்ச விலை வைக்கும் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் கீழ் வருகிறது. காப்புரிமை வர்த்தக அமைச்சகத்திடம். தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ மருத்துவமனைகள் தொழிலாளர் அமைச்சகத்திடம். குழந்தைப் பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடம். சித்த மருத்துவத்துக்கு 2014 முதல் தனி அமைச்சகம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியதே, அதை முடிவு செய்தது மாநில நிதியமைச்சர்களும் அமர்ந்திருக்கும் ஜிஎஸ்டி கவுன்சில். மதுக்கடை எங்கே திறக்கலாம் என்பதோ மாநில அரசின் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் விஷயம். புதிதாக இந்த வேலைக்கு வருபவருக்கு முதல் வாரத்தில் தர வேண்டிய பாடம், அரசின் அலுவல் பகிர்வு விதிகளைப் படிப்பதுதான். எந்தத் துறைக்கு எந்த விஷயம் என்று வரிவரியாகச் சொல்லும் அந்த ஆவணம் கடும் சலிப்பூட்டும்; ஆனால் அதைப் படிக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

மார்ஃபின்: முப்பதாண்டுக் கோப்பு

மார்ஃபின் விவகாரத்துக்கு வருவோம். என்டிபிஎஸ் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடை செய்யவில்லை. விதிகளை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபட்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ள ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், வேறு மாநிலத்திலிருந்து வாங்க இன்னோர் உரிமம் என்று கலால் துறைக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் அலைய வேண்டியிருந்தது. கடைசி உரிமம் கைக்கு வரும் நேரத்தில் முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும். குற்றத்துக்குக் குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறை என்ற பிரிவு வேறு. கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் சிறை என்ற அச்சத்தில் மருந்துக்கடைகள் மார்ஃபினைக் கைவிட்டன. காலப்போக்கில், அதை எழுதவே கற்காத ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள்.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால், பின்னாளில் பேலியம் இந்தியா என்ற வலி தணிப்பு அமைப்பை நிறுவினார். மருத்துவராக இருந்துகொண்டே சட்டத்தின் பின்னால் போனவர் அவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வலி மருந்துக் கொள்கையை ஆய்ந்த டேவிட் ஜோரன்சனின் குழு, விதிகளை வரிக்கு வரி படித்து எது தடை என்று காட்டியது. இவர்களின் முயற்சியால் 1998-இல் மத்திய வருவாய்த் துறை, விதிகளை எளிமையாக்குமாறு மாநிலங்களுக்கு மாதிரி விதியுடன் கடிதம் எழுதியது.

பலர் கோப்பை மூடிவிட்டு வெற்றி விழா கொண்டாடும் கட்டம் இது. மத்திய அரசின் கடிதம் மாநிலத் தலைமைச் செயலகத்தில் என்ன ஆகும் என்பது அரசு அலுவலகம் அறிந்தவர்களுக்குத் தெரியும். கேரளம் போன்ற சில மாநிலங்கள் விதியைத் திருத்தின; பல மாநிலங்கள் அசையவில்லை. ஆகவே மாநிலம் மாநிலமாகப் போக வேண்டியிருந்தது. கலால் அதிகாரி, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, சுகாதாரச் செயலாளர், புற்றுநோய் மருத்துவர் ஆகிய நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் அந்தப் பயணங்களின் நோக்கம். வேறு எந்த வழியிலும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க மாட்டார்கள். அதிகாரி மாற்றலாகிப் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2007-இல் இந்திய வலி தணிப்பு மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 2009-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்திய நோயாளிகளின் வலியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இவை இரண்டும் வருவாய்த் துறையில் கோப்பை மேலே கொண்டுவந்தன. 2011 செப்டம்பரில் திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. நிதித் துறைக்கான நிலைக்குழு ஆராய்ந்தது. பிறகு கிடப்பில் கிடந்தது. 15-ஆவது மக்களவையின் ஆயுள் முடியும் தறுவாயில், தெலங்கானா அமளிக்கு நடுவே, 2014 பிப்ரவரியில் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் அது நிறைவேறியது. அன்று தவறியிருந்தால் மசோதா காலாவதியாகி, புதிய மக்களவையில் எல்லாம் முதலிலிருந்து. அந்தக் கடைசி வாரங்களில் யார் யாரைத் தொலைபேசியில் அழைத்தார்கள் என்பதில்தான் இந்தத் தொழிலின் உண்மையான வரலாறு இருக்கிறது. அது எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை.

புதிய திருத்தம் ‘அத்தியாவசியப் போதை மருந்துகள்’ என்ற பிரிவை உருவாக்கியது. அவற்றுக்கான விதி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடமிருந்து மத்திய அரசுக்குப் போனது. உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. 2015 மே மாதம் விதிகள் வந்தன. மார்ஃபின், ஃபென்டனில், மெதடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றன. மாநில உரிமையில் பற்றுள்ளவர்களுக்கு இந்த அதிகார மாற்றம் உறுத்தலாம். எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பல மாநிலங்கள் பதினைந்து ஆண்டுகள் ஒரு கடிதத்துக்கு அசையாமல் இருந்தன என்பதும் உண்மை.

அன்றாடம் என்ன வேலை?

பெரும்பகுதி வாசிப்பும் எழுத்தும்தான். அரசிதழில் வரும் வரைவு அறிவிக்கைகளைத் தினமும் பார்க்க வேண்டும். சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014-இல் ஒரு நடைமுறையை வகுத்தது. எல்லாத் துறையும் மதிப்பதில்லை என்றாலும் கதவு அது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கருத்துகளை அட்டவணை வடிவில் கேட்கும்: எந்தச் சரத்து, என்ன மாற்றம், என்ன அறிவியல் ஆதாரம். ‘மக்கள் நலனைக் கருத்தில் கொள்ளுங்கள்’ என்று எழுதப்பட்ட பத்துப் பக்கக் கடிதத்துக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. ‘இந்தச் சரத்தில் இந்தச் சொல்லை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்’ என்று எழுதியனுப்பியவரின் வரிதான் கோப்பில் ஏறும்.

யாரைச் சந்திப்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமைச்சரோடு எடுத்த புகைப்படத்தை அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். குறிப்பை முதலில் எழுதுபவர் பிரிவு அலுவலரோ சார்புச் செயலாளரோதான். அவருடைய முதல் வரைவில் இல்லாத ஒன்று மேலே போகப் போக உள்ளே நுழைவது கடினம். அனுபவசாலிகள் அவருக்காக ஒரே பக்கத்தில் ஒரு குறிப்புத் தயாரிப்பார்கள்: சிக்கல் என்ன, எந்த விதி, எவ்வளவு செலவு, வேறு எந்த மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் வெல்லும். முன்னுதாரணம் இருந்தால் அதிகாரிக்குத் துணிவு வருகிறது.

நாடாளுமன்றக் கேள்வியும் ஒரு கருவி. எம்.பி. ஒருவர் கேட்கும் கேள்விக்கு எழுத்தில் வரும் பதில் அரசின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. அதில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்துவிட்டால், அடுத்த கூட்டத்தொடரில் ‘பரிசீலனை எந்த நிலையில்?’ என்று கேட்க வழி பிறக்கிறது.

ஒரு சரத்துக்காகப் பாடுபடுவது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்குச் சென்னையிலேயே ஒரு விடை இருக்கிறது. 2005 மார்ச் மாதம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் 3(டி) பிரிவு இறுக்கமாக்கப்பட்டது. பழைய மருந்தின் புதிய வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் திறன் கூடியிருந்தால் தவிர, காப்புரிமை கிடையாது என்பது அதன் பொருள். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் இந்தப் பிரிவைச் சுட்டி மறுப்புத் தெரிவித்தது. எதிர்த்து மனு செய்தவர்களில் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்ட் 6 அன்று தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று காப்புரிமை இல்லை என்று முடித்துவைத்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விலை வைக்கப்பட்ட மருந்தின் பொதுப்பெயர் (ஜெனரிக்) வடிவம் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விற்றது.

எதிர்த்தரப்பும் இதே பள்ளிதான்

இந்த உத்திகள் நல்லவர்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. சிகரெட், பீடி உறைகளில் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று சுகாதார அமைச்சகம் 2014 அக்டோபரில் அறிவித்தது. 2015 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தடை, பொதுமக்களில் பெரும்பாலோர் பெயரைக்கூடக் கேட்டிராத ஓரிடத்திலிருந்து வந்தது. அரசு வகுக்கும் விதிகளைச் சரிபார்க்கும் மக்களவைக் குழு ஒன்று, விஷயம் தங்கள் ஆய்வில் இருப்பதால் நிறுத்தி வையுங்கள் என்றது. குழுத் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்ற பொருள்படப் பேசியது நாடெங்கும் கேலிக்குள்ளானது. பீடித் தொழில் நடத்திவந்த அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா அதே குழுவில் உறுப்பினராக இருந்தார். அரசின் புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் தோன்றிய இளம்பெண் சுனிதா தோமர், எச்சரிக்கைப் படத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதிய சில நாள்களில், விதி நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய அதே ஏப்ரல் 1-இல் வாய்ப் புற்றுநோயால் இறந்தார்.

2016 மார்ச்சில் குழு 50 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் 2016 ஏப்ரல் 1 முதல் 85 சதவீதமே நடைமுறைக்கு வந்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கும் சுனிதாவின் மரணம் எழுப்பிய கோபமும் அதில் பங்கு வகித்தன. அப்போதும் கதை முடியவில்லை: 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது, 2018 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. புகையிலைத் தரப்பு எதையும் ஒளித்துச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குழு சட்டப்படியானது, மனுக்கள் சட்டப்படியானவை. சரியான மேசையைச் சுகாதாரத் தரப்புக்கு முன்பே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதய ஸ்டென்ட் விவகாரம் இன்னும் நீளமான பாதை. டெல்லி வழக்கறிஞர் ஒருவரின் பொதுநல வழக்கால் ஸ்டென்ட் 2016-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என உச்ச விலை வந்தது. டெல்லியில் விலையை உயர்த்த முடியாத அமெரிக்கக் கருவி நிறுவனங்களின் சங்கமான அட்வாமெட் வாஷிங்டனுக்குப் போனது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா தந்துவந்த ஜிஎஸ்பி சுங்கச் சலுகையை மறுபரிசீலனை செய்யக் கோரியது. அமெரிக்கப் பால் பொருள் துறையின் கோரிக்கையும் சேர்ந்துகொள்ள, 2018 ஏப்ரலில் மறுபரிசீலனை தொடங்கியது. 2019 ஜூன் 5 அன்று சலுகை பறிபோனது. இதய அடைப்புக்கு வைக்கும் ஒரு சிறு கம்பி வலையின் விலை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத இந்திய ஏற்றுமதியாளர்கள் தலையில் விடிந்தது. இருந்தும் உச்ச விலை முறை நீங்கவில்லை.

பணம் யாருடையது?

அமெரிக்காவில் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரம்புக்கு மேல் லாபி செய்பவர்கள், அதாவது அரசின் முடிவைத் தம் பக்கம் திருப்ப முயல்பவர்கள், பதிவு செய்ய வேண்டும். யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு செலவு என்று இப்போது காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. வால்மார்ட் நிறுவனம் இந்தியச் சந்தை உள்ளிட்ட விஷயங்களுக்காக அமெரிக்க எம்.பி.க்களிடம் லாபி செய்தது 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தையே முடக்கியது. அதை நாம் அறிந்ததே அமெரிக்கச் சட்டப்படி அவர்கள் கொடுத்த கணக்கிலிருந்துதான். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை நடந்தது. பதிவுச் சட்டம் வரவில்லை.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது நோயாளி அமைப்புகள் என்று எனக்குத் தோன்றுகிறது. அரிய நோய்களுக்கான மருந்துகள் கோடிக்கணக்கில் விலை போகின்றன. அந்த மருந்தை அரசு வாங்கித் தர வேண்டும் என்று பெற்றோர் சங்கம் கேட்கும்போது, அவர்கள் குரலும் மருந்து நிறுவனத்தின் நலனும் ஒரே திசையில் போகின்றன. 2021-இல் அரிய நோய்க் கொள்கை வந்ததும், அடுத்த ஆண்டே உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்ததும் பெற்றோரின் விடாமுயற்சியால், நீதிமன்றப் படிகளில் அவர்கள் ஏறி இறங்கியதால். ஆனால் ஒரு சங்கத்தின் கருத்தரங்குச் செலவை எந்த நிறுவனம் ஏற்றது என்று அறிய நமக்கு வழியில்லாதபோது, நேர்மையான சங்கத்தின் மீதும் அதிகாரிக்குச் சந்தேகம் வருகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தாமாகவே வெளியிடும் சங்கங்கள் உண்டு. அவர்கள் மனுவுக்குத் தனி மதிப்பு இருக்கிறது.

புகையிலையில் மட்டும் ஒரு சுவர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது, அதன் 5.3 பிரிவு, சுகாதாரக் கொள்கையைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து காக்கச் சொல்கிறது. மது, சர்க்கரைப் பானம், பொட்டல உணவு ஆகியவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. பொட்டல உணவின் முன்பக்கத்தில் எச்சரிக்கையா, நட்சத்திர மதிப்பீடா என்ற சண்டை 2022-இல் வரைவு வந்த பிறகும் இழுத்துக்கொண்டே போனதில் இதற்கும் பங்கு உண்டு.

எப்படி நுழைவது?

மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. சட்டம், பொருளாதாரம், மருந்தியல், இதழியல், சமூகப்பணி என எங்கிருந்தும் வருகிறார்கள். பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்குச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் ஆகியவை நம் பக்கத்தில் உள்ளன. நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்று உள்ளிருந்து பார்க்க, சட்டமன்ற, நாடாளுமன்றப் பணிகளை ஆய்வு செய்யும் பிஆர்எஸ் அமைப்பு ஓர் எம்.பி.யோடு இளைஞர்களைப் பணியாற்ற வைக்கும் லேம்ப் திட்டம் நல்ல வழி. நிறுவனங்களில் சம்பளம் தொண்டு அமைப்புகளைவிட நிச்சயம் அதிகம். அங்கே பதவிகளில் ஓய்வுபெற்ற அதிகாரிகளோடும் போட்டியிட வேண்டும். ஐஏஎஸ் அதிகாரிகள் ஓய்வுக்குப் பின் ஓராண்டு கழிந்தால் தனியார் வேலைக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்கு மாறுவதும் நடக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாறியவர் பழைய இடத்தில் கிடைத்த ரகசியத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோனால், பிறகு எந்த அறையிலும் அவர் முன் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த வட்டாரம் சிறியது.

டெல்லியில்தான் எல்லாம் என்று நினைக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாட்டில் தொடங்க விரும்புபவருக்கு ஒரு நல்ல ஆவணம், மானியக் கோரிக்கையின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த சில ஆண்டுகளின் குறிப்புகளை அருகருகே வைத்து, உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு நோயை மட்டும் தேடுங்கள்: எந்தத் திட்டம் வந்தது, எது சொல்லாமல் மறைந்தது, எதற்கு ஒதுக்கீடு தேய்ந்தது. பிறகு அதே நோய்க்கு மதுவிலக்குத் துறையின் குறிப்பிலோ, உணவுத் துறையின் குறிப்பிலோ, தொழிலாளர் நலத் துறையின் குறிப்பிலோ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஒரு பக்கக் குறிப்பை எழுதுவதற்கு வேண்டிய சரக்கு அங்கேயே கிடைத்துவிடும்.